வீட்டு விலையும் வீட்டுக் கடனும்: வியாபாரிகள் கவனத்துக்கு



சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, செங்கல்பட்டில் உள்ள நமது மொத்தக் கடைக்கு ஒரு சில்லறை மளிகைக் கடைக்காரர் வந்தார். பருப்பு, எண்ணெய், சர்க்கரை என்று மூன்று மாதப் பாக்கி அவர் பேரில் நிற்கிறது. பேரேட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, "எப்போ தம்பி நேர் பண்றது?" என்று கேட்டோம்.

"பாக்கிக்கு என்ன அண்ணாச்சி, சிங்கப்பெருமாள் கோவில்ல வீடு இருக்கு. இன்னைக்கு வித்தா எண்பது லட்சம் போகும்னு புரோக்கர் சொல்றாரு" என்றார்.

"வித்துட்டுப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு எங்கேப்பா போவே?"

சிரித்தார், பதில் சொல்லவில்லை. பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். அந்த வீட்டின் பேரில் இன்னும் 15 லட்சம் கடன் வாங்கி, மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் கடலைப் பார்த்தாற்போல் ஒரு மனை வாங்கப் போகிறாராம். ஜாமீன் கையெழுத்துக்கு நாம் வரவேண்டும். முன்பணமாக 50,000 ரூபாய் கொடுத்தும் விட்டார்.

நாம் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வீட்டுப் பத்திரம், வங்கிக் கடன் கணக்கு, மனையின் காகிதங்கள் எல்லாவற்றையும் மாலையில் எடுத்து வரச் சொன்னோம். வீடு அவர் மனைவி பேரில் இருப்பதால் அவரையும் அழைத்து வரச் சொன்னோம். அன்று மூவரும் உட்கார்ந்து பார்த்த விஷயங்கள் நம் உறுப்பினர்கள் பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

விலை ஏறிய கதை

நம் பக்கத்தில் மண் விலை ஏறியதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். 1980-ஐ ஒட்டி மறைமலை நகர் புது நகரமாக எழுந்தது. 1990-களின் பின்பாதியில் அங்கே கார்த் தொழிற்சாலை வந்தது. 1998-ல் கிழக்குக் கடற்கரைச் சாலை புதுச்சேரி வரை நல்ல சாலையாகத் திறக்கப்பட்டது. 2002-ல் மகிந்திரா வேர்ல்டு சிட்டி வந்தது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு விலை ஏற்றம். (நமக்கு முன்பெல்லாம் ஜி.எஸ்.டி. என்றால் சென்னைக்குப் போகும் ரோடு. 2017 ஜூலை 1-க்குப் பிறகுதான் அது வரி ஆயிற்று. ரோடு விலையை ஏற்றியது, வரி என்ன செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை.)

இந்தப் பட்டியலைச் சொல்பவர்கள் நடுவில் நடந்ததை விட்டுவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கொஞ்ச காலம் கடலோர மனையைக் கேட்க ஆளில்லை. 2008-ல் உலக நெருக்கடி வந்தபோது, அட்வான்ஸ் கொடுத்த பலர் அட்வான்ஸை விட்டுவிட்டே போனார்கள். 2016-ல் பத்திரப் பதிவே நின்றது. அதைப் பின்னால் சொல்கிறோம். ஃபோர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-ல் மறைமலை நகரில் கார் உற்பத்தியை நிறுத்தியது. அதை நம்பி வாடகைக்கு விட வீடு கட்டியவர்கள் எப்படி விழித்தார்கள் என்பது அந்தப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். 2024-ல் அதே கம்பெனி திரும்பி வருவதாகச் சொன்னதும் மறுபடி புரோக்கர்கள் கிளம்பிவிட்டார்கள்.

"மண் விலை இறங்கவே இறங்காது" என்று சொல்பவர்களுக்கு இரண்டு ஊர் உதாரணம். ஜப்பானில் 1991 வாக்கில் உச்சத்துக்குப் போன நில விலை, பிறகு பத்து வருஷத்துக்கு மேல் இறங்கிக்கொண்டே இருந்தது. அமெரிக்காவில் 2006-க்குப் பிறகு வீட்டு விலை நாலில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. கடன் வீட்டு விலையைவிடப் பெரிதாகி, சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் ஏராளம். நம்மூரில் அந்த அளவு வந்ததில்லை. ஆனால் விலை இறங்காமலே ஏழெட்டு வருஷம் ஒரே இடத்தில் நிற்பது நம்மூரிலும் உண்டு. கடன் வாங்கியவனுக்கு, நிற்கும் விலையும் இறங்கும் விலை மாதிரிதான். வட்டி நிற்பதில்லையே.

நமது சொந்தக் கணக்கு

இதை எழுத நமக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், ஏமாந்தவன் என்ற தகுதி உண்டு. 1997-ல் திருப்போரூர் பக்கம் ஒரு புரமோட்டர் வேன் வைத்து அழைத்துப் போய், சாம்பார் சாதம் போட்டு, மனை காட்டினார். நாமும் புளியை வாங்கிக் கிடங்கில் போடுவதுபோல் 60,000 ரூபாய்க்கு ஒரு மனை வாங்கிப் போட்டோம். 2016-ல் மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று போனால் பதிவு செய்ய முடியாது என்றார்கள். அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளைப் பதிவு செய்யக் கூடாது என்று அந்த வருஷம் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டிருந்தது. நம்முடையது வெறும் பஞ்சாயத்துத் தலைவர் முத்திரை போட்ட மனை. கல்யாணத் தேதி நிற்குமா? 2 வட்டிக்குக் கடன் வாங்கி நடத்தினோம்.

2017-ல் அரசு வரன்முறை விதிகள் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்கு செய்துகொள்ளலாம் என்றார்கள். கட்டினோம், அலைந்தோம், 2019-ல் 7 லட்சத்துக்கு விற்றோம். கேட்டவர்கள் எல்லாம் "அறுபதாயிரம் ஏழு லட்சமாயிட்டதே, பதினோரு மடங்கு!" என்று வாயைப் பிளந்தார்கள். நாம் மொத்த வியாபாரி, கணக்குப் போட்டுப் பார்த்தோம். 22 வருஷத்தில் 60,000 ரூபாய் 7 லட்சமாவது, கூட்டு வட்டியில் வருஷத்துக்கு ஏறக்குறைய 12 சதவிகிதம். அதாவது மாதம் 1 வட்டி. அதில் பத்திரச் செலவு, வரன்முறைக் கட்டணம், வேலி, கல்யாணக் கடனுக்குக் கட்டிய 2 வட்டி எல்லாவற்றையும் கழித்தால், தபால் ஆபீசில் போட்டிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். அதே 60,000 கடைச் சரக்கில் ஒரு தடவைக்கு 2 சதவிகித லாபத்தில் மாதம் ஒரு முறை சுழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். எத்தனை மடங்கு என்று கேட்கும்போது எத்தனை வருஷம் என்றும் கேட்க வேண்டும்.

இன்னொன்று. மனையோ வீடோ வாங்கும்போது நம் மாநிலத்தில் முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம் என்று 9 சதவிகிதம் போகிறது. 2017 முதல் 2023 வரை பதிவுக் கட்டணம் 4 சதவிகிதமாக இருந்தது. ஆக, சரக்கு வண்டி ஏறுவதற்கு முன்பே நூற்றுக்கு 9 ரூபாய் நஷ்டம். துவரம் பருப்பை அப்படி யாராவது வாங்குவோமா?

குடியிருக்கும் வீடு இதிலிருந்து வேறு. அது மழைக்கும் வெயிலுக்கும். விலை ஏறினால் நமக்கு லாபமில்லை; விற்றால் வேறு வீடும் அதே ஏறிய விலைக்குத்தான் வாங்க வேண்டும். விலை இறங்கினாலும் கூரை இறங்கிவிடாது. சொந்த வீட்டினால் வருவது நாம் கொடுக்காமல் மிச்சப்படுத்தும் வாடகைதான். இந்தப் பக்கம் வீட்டு விலையில் வருஷ வாடகை நூற்றுக்கு 2, 3 ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை. ஆகவே "வாடகை கட்டும் பணத்தில் தவணை கட்டிவிடலாம்" என்று விளம்பரத்தில் போடுவதைக் கணக்குப் போட்டே நம்ப வேண்டும். சொந்த வீடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி, கடை ஓரிடம், பள்ளிக்கூடம் ஓரிடம் என்று அலைந்த குடும்பத்துக்கு அதன் அருமை தெரியும். நாமும் கட்டித்தான் குடியிருக்கிறோம்.

தவணை எப்படி ஓடுகிறது

தம்பி 2021-ல் ஒரு வங்கியில் 10 லட்சம் வீட்டுக் கடன் வாங்கியவர். அப்போது வட்டி 7 சதவிகிதம், 20 வருஷம், மாதத் தவணை 7,753 ரூபாய். நாலைந்து வருஷம் தவறாமல் கட்டியிருக்கிறார். "பாதி போயிருக்கும் அண்ணாச்சி" என்றவர், கணக்கைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அசல் ஒன்பது லட்சத்துக்கும் மேல் நிற்கிறது.

வங்கி ஏமாற்றவில்லை. நடந்தது இது. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு கட்டப்பட்டவை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி அந்த விகிதத்தை 4-லிருந்து 6.5 சதவிகிதத்துக்கு ஏற்றியது. தம்பியின் வட்டி 9.5 ஆயிற்று. அசல் ஒன்பதரை லட்சம் என்று வைத்தால், ஒரு மாத வட்டியே 7,500 ரூபாய்க்கு மேல். கட்டும் தவணை 7,753. அசலுக்குப் போவது இருநூற்றுச் சில்லறை. தவணையை ஏற்றாமல் வருஷத்தை நீட்டிவிட்டார்கள். மொபைலில் வந்த குறுஞ்செய்தியை இவர் படிக்கவில்லை. நாமும்தான் எத்தனை படிக்கிறோம்?

2025 பிப்ரவரி முதல் ரெப்போ இறங்கத் தொடங்கியது, வட்டியும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் நீட்டிய வருஷம் தானாகச் சுருங்கும் என்று நினைத்துச் சும்மா இருக்கக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடன் வாங்கியவரைக் கேட்டே செய்ய வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. வங்கிக்குப் போய் எழுத்து மூலம் கேளுங்கள்.

வட்டி மாறாவிட்டாலும் தவணையின் இயல்பு ஒன்று உண்டு. 10 லட்சம், 9 சதவிகிதம், 20 வருஷம் என்றால் தவணை சுமார் 9,000. முதல் மாதம் அதில் 7,500 வட்டிக்கு, 1,500 அசலுக்கு. ஐந்து வருஷம் கட்டி முடித்தபின் அசல் 8 லட்சத்து 87 ஆயிரம் நிற்கும். பத்து வருஷம், அதாவது பாதிக் காலம் முடிந்தபின்னும் 7 லட்சத்து 10 ஆயிரம் நிற்கும். மொத்தமாகக் கட்டுவது 21 லட்சத்து 60 ஆயிரம். தீபாவளி, பொங்கல் வியாபாரம் முடிந்ததும் வருஷத்துக்கு ஒரு தவணை கூடுதலாக அசலில் கட்டினால் மூன்று வருஷத்துக்கு மேல் குறையும். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்குத் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012-லேயே வங்கிகளுக்கு விதி வந்துவிட்டது. நம்மைப்போல் சீசனில் பணம் பார்ப்பவர்களுக்கு இது நல்ல வசதி.

இவ்வளவு சொன்னாலும் வங்கிக் கடன்தான் மலிவு. அதே 10 லட்சத்தைத் தெரிந்தவரிடம் 2 வட்டிக்கு வாங்கினால் மாதம் 20,000 ரூபாய் வட்டி மட்டும். வருஷத்துக்கு 24 சதவிகிதம், அசல் அப்படியே நிற்கும். வங்கித் தவணையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தும் கடன் ஒரு ரூபாய் குறையாது. சில பைனான்ஸ்காரர்கள் "12 சதவிகிதம்தான்" என்பார்கள். ஐந்து வருஷத்துக்கு முழு 10 லட்சத்துக்கும் வட்டி போட்டு, 16 லட்சத்தை 60 மாதமாகப் பிரித்து 26,667 கட்டச் சொல்வார்கள். அசல் குறைந்துகொண்டே வரும்போதும் முழு அசலுக்கு வட்டி வாங்குகிறார்கள் என்பதால், குறையும் நிலுவைக் கணக்கில் அது 20 சதவிகிதத்துக்கு மேல். "பிளாட் வட்டியா, குறையும் நிலுவையா?" என்ற ஒரு கேள்வியை வீட்டுப் பெண்களும் கேட்கப் பழக வேண்டும்.

பிறகு ஏன் நம் ஆட்கள் 2 வட்டிக்குப் போகிறார்கள்? கணக்கு இல்லாததால்தான். 1977-ல் எச்.டி.எஃப்.சி. ஆரம்பித்து, 1988-ல் தேசிய வீட்டு வசதி வங்கி வந்து, இன்று வங்கிகள் போட்டி போட்டுக்கொண்டு வீட்டுக் கடன் தருகின்றன. மாதச் சம்பளக்காரர் மூன்று சம்பளச் சீட்டைக் காட்டி வாங்கிப் போகிறார். நம்மிடம் இரண்டு, மூன்று வருஷ வருமான வரிக் கணக்கும் ஜி.எஸ்.டி. கணக்கும் கேட்கிறார்கள். வரியை மிச்சம் பிடிக்க வருமானத்தைக் குறைத்துக் காட்டியவருக்குக் கடனும் குறைத்துத்தான் கிடைக்கும். சிறு வியாபாரிகளுக்கு விற்றுமுதலில் 8 சதவிகிதத்தை, வங்கி மூலம் வந்த வரவானால் 6 சதவிகிதத்தை, வருமானமாகக் காட்டும் உத்தேச முறை இருக்கிறது. வீடு கட்ட எண்ணமிருப்பவர் மூன்று வருஷத்துக்கு முன்பே ஆடிட்டரிடம் பேசி ஒழுங்காகக் காட்டத் தொடங்க வேண்டும். மிச்சம் பிடித்த வரியைவிட 2 வட்டி பெரிது.

பத்திரம் யார் கையில்

அடமானத்துக்கு நம்மிடையே பல பெயர். போக்கியம் என்றால் பணம் கொடுத்தவர் வீட்டை அனுபவிப்பார். அவருக்கு வாடகை இல்லை, நமக்கு வட்டி இல்லை. சாதா அடமானம் என்றால் வீடு நம் அனுபவத்தில் இருக்கும், பத்திரம் எழுதிப் பதிவு செய்வோம். வங்கிகள் பெரும்பாலும் செய்வது மூலப் பத்திரத்தை ஒப்படைக்கும் அடமானம். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில், சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற வியாபார நகரங்களுக்கென்று வைத்த வசதி அது. பிறகு பல ஊர்களுக்கும் விரிந்தது. நம் மாநிலத்தில் இதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறார்கள். வில்லங்கச் சான்றில் வரும்.

இவை எதிலும் பயமில்லை. பயப்பட வேண்டியது நாலாவது வகை. அவசரத்துக்குப் பணம் கொடுப்பவர், "அடமானம் எல்லாம் எதுக்கு, கிரயமே எழுதிக் கொடுத்துடுங்க, பணத்தைக் கட்டினதும் திருப்பி எழுதித் தர்றேன்" என்பார். அல்லது பொது அதிகாரப் பத்திரம் கேட்பார். திருப்பித் தருவதாக ஒரு வெள்ளைத் தாளிலோ தனி ஒப்பந்தத்திலோ எழுதுவார். நண்பர்களே, திருப்பி எழுதித் தரும் நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இல்லாவிட்டால், சட்டம் அதை அடமானம் என்று ஏற்காது. 1929-ல் செய்த திருத்தம் இது. நூறு வருஷம் ஆகப் போகிறது, இன்னும் நம் ஆட்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடமானம் என்றால் எப்போதும் மீட்கும் உரிமை உண்டு. கிரயம் என்றால் விற்றாயிற்று. 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, புகார் கொடுக்கலாம். ஆனால் பதிவான கிரயத்தை ரத்து செய்யக் கோர்ட்டில் எத்தனை வருஷம் ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி வீட்டுக்கு வருவோம். அவர் கேட்பது 15 லட்சம் சொத்து அடமானக் கடன். வீட்டுக் கடனைவிட வட்டி கூடுதல், காலம் குறைவு, ஆகவே தவணை பெரிது. அதுபோக, கடைக்குச் சி.சி. கணக்கு எடுக்கும்போது அதே வீட்டைத்தான் காட்டியிருக்கிறார். வீட்டுக் கடன், கடைக் கடன், மனைக் கடன் மூன்றும் ஒரே கூரையின் மேல்.

அவர் மனைவி அதுவரை பேசாமல் இருந்தவர், "கடைக் கணக்கு நின்னா வீடு ஏலத்துக்கு வருமா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

வரும் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுப் பத்திரத்தை ஈடு கொடுத்திருந்தால், கடன் வாங்கியது வீட்டுக்கா கடைக்கா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. அந்த அம்மாள் கடையில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. "ஒரு கையெழுத்துத்தானே" என்று போட்டவர், சட்டப்படி ஜாமீன்தாரர் ஆகிவிட்டார். நம் வழக்கப்படி, கடைக்கு ஆபத்து வந்தாலும் வீடு தப்பட்டும் என்றுதான் மனைவி பேரில் வீடு வாங்குகிறோம். பிறகு அவரிடமே கையெழுத்து வாங்கி அந்தப் பாதுகாப்பை நாமே எடுத்துவிடுகிறோம்.

2002-ஆம் வருஷத்துச் சர்ஃபாசி சட்டப்படி நடப்பது இது. தவணை 90 நாள் நின்றால் வாராக் கடன். பிறகு முழுத் தொகையையும் 60 நாளில் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். இந்த நோட்டீசை வாங்காமல் தபால்காரரைத் திருப்பி அனுப்புவதைப்போல் முட்டாள்தனம் வேறில்லை. ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் 15 நாளில் வங்கி பதில் சொல்லியாக வேண்டும். அறுபது நாளும் போனால் வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தைச் சுவாதீனம் எடுக்கலாம். அதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏல அறிவிப்பு வெளியாகும் முன் முழு பாக்கியையும் செலவையும் கட்டினால் மீட்கலாம். 2016 திருத்தத்துக்குப் பிறகு, அறிவிப்பு வெளியானபின் அந்த உரிமை போய்விடும். ஏல நாள் காலையில் நகையை விற்றுக்கொண்டு ஓடிப் பயனில்லை. விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை.

கடைக்கு முதல் வேண்டுமென்றால் முதலில் முத்ரா கடனைக் கேட்டுப் பாருங்கள். 2015-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் கடைக்காரர்களும் உண்டு. 10 லட்சம் வரை வீட்டுப் பத்திரம் இல்லாமல் கிடைக்கும். 2021 ஜூலையிலிருந்து சில்லறை, மொத்த வியாபாரிகளையும் சிறு தொழில் பட்டியலில் சேர்த்து முன்னுரிமைக் கடன் தரச் சொல்லியிருக்கிறார்கள். மானேஜர் "வீட்டுப் பத்திரம் இருந்தா சுலபம்" என்பார். அவருக்குச் சுலபம்.

கடலோர மனை

கடைசியாக அந்த மனையின் காகிதங்களைப் பார்த்தோம். எல்லாம் ஜெராக்ஸ். விற்பவர் பவர் ஏஜென்ட். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று பெரிதாக அச்சடித்த வரைபடம். நமது 1997 கதையேதான். மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அங்கீகாரம் வேண்டும்.

கடலை ஒட்டினால் இன்னொரு கட்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 1991-ல் வந்த விதி, 2011, 2019-ல் மாறியது. கிராமப் பகுதியில் ஜன நெருக்கத்தைப் பொறுத்து 50 அல்லது 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. மாமல்லபுரத்துக்குள் என்றால் தொல்லியல் துறைச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கு மேல் 200 மீட்டர் அனுமதி வாங்கியே கட்ட வேண்டும், 2010 சட்டம். கடலைப் பார்த்துக்கொண்டு மனை இருக்கும், மேலே செங்கல் ஏறாது.

நம் மாவட்டத்தில் பஞ்சமி நிலத்தையும் அவசியம் விசாரிக்க வேண்டும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையின் பேரில், 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலம் அது. மற்றவர் வாங்கினால் செல்லாது. அந்த நிலத்தை மீட்கக் காரணை கிராமத்து மக்கள் நடத்திய போராட்டத்தில் 1994 அக்டோபரில் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்ததை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க முடியாது. பிறருக்கென்று கொடுத்த நிலம் எத்தனை கை மாறி, எத்தனை பளபளப்பான நோட்டீசில் வந்தாலும் அது அவர்களுடையதே. "எல்லாம் கிளியர்" என்று புரோக்கர் சொல்வதை வைத்துக்கொண்டு வாங்கக் கூடாது. தாலுகா அலுவலகத்தில் பழைய நிலப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

தம்பி மனையை விட்டுவிட்டார். கொடுத்த 50,000-ல் பாதியை, நாமும் இரண்டு பேரும் போய் உட்கார்ந்து வாங்கி வந்தோம். மீதி வரும் என்று தோன்றவில்லை. வங்கிக்குப் போய், தவணையை ஆயிரத்து ஐந்நூறு ஏற்றிக்கொண்டு வருஷத்தைக் குறைக்க எழுதிக் கொடுத்திருக்கிறார். நமது பாக்கியில் திங்கட்கிழமைதோறும் 3,000 வருகிறது. ஜாமீன் கேட்ட பேச்சு அதன்பின் எழவில்லை.

கடனை அடைத்து முடிக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வீட்டுக் கடன் முழுதும் கட்டிய 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர்கள் பக்கத் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறை. பத்திரத்தை வாங்கியதோடு நின்றுவிடாமல், அடமானப் பதிவை நீக்க ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பத்து நாள் கழித்து ஒரு வில்லங்கச் சான்று போட்டு, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பத்திரத்தைப் பெட்டியில் வையுங்கள்.